எவருக்கும் பாரமாக இருக்க மாட்டார்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இந்த வாரத்தோடு எட்டு வருடம் முடிகிறது. அறுபத்தொன்பதில் ஒரு மழை நாளில் வந்து இறங்கினோம். அன்றைக்குப் பிடித்த மழைதான் இன்னும் விடவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் கிண்டி தொழிற்பேட்டையில் டர்னராக இருந்தவர். இங்கேயும் அதே வேலைதான். நான் மயிலாப்பூரில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறேன். அதிகம் பேசாமல் செய்யக்கூடிய வேலை. அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

வழக்கமாக, வந்து இறங்கிய நாளில் கொஞ்சம் சேமியாப் பாயசம் வைப்பேன். இந்த வருடம் வைக்கவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதங்கள் பரவிக் கிடந்தன. சென்னையில் இருக்கும் என் அப்பாவை இங்கே அழைத்துக்கொள்வதற்கான விண்ணப்பம் அது.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் ஒரு கடையில் முப்பது வருடத்துக்கு மேலாகச் சுமை தூக்குகிறவர். அண்டா, குண்டான், தவலை எல்லாம் அவர் தலையில்தான் தி.நகருக்கும் அடையாற்றுக்கும் போய் வரும். என் அண்ணன் ஏழுமலை, கோயில் குளத்துக்குப் பின்பக்கம் ஒற்றை அறை வீட்டில் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் இருக்கிறான். அங்கே இடம் போதாமல் அப்பா கடையிலேயே பாத்திரங்களுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறார். போன மழைக்காலத்தில் லஸ் முனையில் அண்டாவோடு வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பில் அடி. இதை அவர் எனக்குத் தெரிவிக்கவில்லை, அண்ணனும் தெரிவிக்கவில்லை. கடை முதலாளிதான் எழுதினார். "இனிமேல் அவரால் பழையபடி முடியாது. நீ பார்க்க வேண்டுமென்றால் சீக்கிரம் ஏதாவது செய்" என்று முடித்திருந்தார்.

அந்த ஒரு வரி என்னை எட்டு நாள் தூங்க விடவில்லை. அப்பாவை இனிப் பார்ப்பேனா என்பதுதான் என் பயம். அண்ணன் மேல் கோபமும் வந்தது. பெற்றவரைக் கடையில் படுக்க வைத்துவிட்டான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

விண்ணப்பத்தை நிரப்பியது என் மகள் கலா. பதின்மூன்று வயது. அவளுக்குத் தமிழ் புரியும். பேசச் சொன்னால் பாதிதான் வரும். கடைசிப் பக்கத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"இங்க நீங்க ரெண்டு பேரும் சைன் பண்ணணும். தாத்தா யாருக்கும் பர்டனா இருக்க மாட்டார்னு."

"பர்டன்னா?"

"ஹெவியா இருக்கறது."

"தாத்தா ஒல்லிம்மா" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது.

கலா பள்ளி அகராதியை எடுத்து வந்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு அரைப் பக்கம் இருந்தது. தூக்கும் சுமை. மனதை அழுத்தும் கவலை. ஒருவர் ஏற்க வேண்டிய பொறுப்பு. ஒரு கப்பல் எவ்வளவு சரக்கு ஏற்றும் என்ற அளவு. சொன்னதை நிரூபிக்க வேண்டியவர் யார் என்று கோர்ட்டில் சொல்வதற்கும் அதே வார்த்தைதான். எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு பாடலில் திரும்பத் திரும்ப வரும் அடி என்றும் போட்டிருந்தது.

"பாட்டா?" என்று கேட்டேன்.

"பழைய இங்கிலீஷாம். இப்ப யாரும் சொல்ல மாட்டாங்க."

"இதுல எது எங்க மாமனாரு?" என்றார் என் வீட்டுக்காரர். "கப்பலா, கோர்ட்டா?"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்குப் பேனா ஓடவில்லை. முப்பது வருடம் ஊரார் கல்யாணத்தை எல்லாம் தலையில் சுமந்தவரைப் பற்றி, அவர் யாருக்கும் சுமையாக இருக்க மாட்டார் என்று நான் எழுதித் தர வேண்டியிருக்கிறது. போட்டேன். என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

மறுநாள், நான் வேலை செய்கிறேன் என்பதற்குச் சான்றுக் கடிதம் கேட்கச் சலவைக் கூட மேற்பார்வையாளர் டோரத்தியிடம் போனேன். பஸ்ஸிலேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. "என் அப்பா வருகிறார், அவர் பாரம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். "மாட்டார்" என்பது வாயிலேயே நின்றுவிட்டது. டோரத்தி நிமிர்ந்து பார்த்து, "எல்லா அப்பனும் அப்படித்தானே, கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார்.

2

எட்டு வருடத்துக்கு முன், சென்னையிலிருந்து கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்ததை இங்கே எழுத வேண்டும்.

அப்பாவிடம் வெளிநாடு போவதை எப்படிச் சொல்வது என்று ஒரு மாதம் தயங்கினேன். திருவான்மியூரில் ஒரு கல்யாணம். கடையின் கைவண்டி வேறொரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அப்பா ஓர் அண்டாவைத் தலையில் வைத்து நடந்தே கிளம்பினார். நான் கரண்டிகள் இருந்த கூடையை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். வழியில் சொல்லிவிடலாம் என்று. அடையாற்றுப் பாலம் வந்தது. சொல்லவில்லை. பாலத்தைத் தாண்டினோம். அப்போதும் சொல்லவில்லை.

அந்தச் சாலையில் அப்போது ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. தோள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச் சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். திரும்ப ஏற்றிக்கொள்ளவும் இன்னொரு ஆள் வேண்டாம். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் பெயரில் அந்தக் கல்லை நடுவார்கள். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை ஊரார் இறக்கி வைக்கட்டும் என்று.

அப்பா அண்டாவைக் கல்மேல் வைத்துவிட்டு, தலையில் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்த துண்டை உதறி முகம் துடைத்தார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அவருக்கு சீமையில வேலை கெடச்சிக்கீது. நானும் கொழந்தையும் கூடப் போறோம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அங்க குளிராமே. உனுக்கு மூக்குல தண்ணி ஊத்துமே" என்றார். பிறகு, "இது எந்தப் புண்ணியவதி பேர்ல வெச்ச கல்லோ. உங்கம்மாவுக்கு ஒண்ணு வெக்கணும்னு எனக்கு ஆச" என்றார்.

என் அம்மா மூன்றாவது பிரசவத்தில் போனவள். பிள்ளையும் வெளியே வரவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அதைப் பற்றி அப்பா பேசியது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"கல்லுக்கு நான் எங்க போவேன்? அதான், ரோட்ல எவன் சொமையோட திண்டாடிக்கினு நின்னாலும் ஒரு கை குடுத்துட்டுப் போறேன். அவ பேர்ல அது ஆவட்டும்னு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனை அவசரமாகப் போனாலும், கீரைக்காரியோ மூட்டை தூக்குகிறவனோ ஆள் தேடி நின்றால் அப்பா நிற்பார். தலையில் ஏற்றிவிடுவார், இறக்கிவிடுவார். யார் என்று கேட்க மாட்டார். சின்ன வயதில் இதனால் நான் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சும்மாட்டைத் திரும்பத் தலையில் வைத்தார். அண்டா கல்லின்மேல் தோள் உயரத்தில் இருக்கிறது. கொஞ்சம் குனிந்து இழுத்தால் தலைக்கு வந்துவிடும். கல் இருக்கும் இடத்தில் கை தேவையில்லை. இருந்தும் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு கை குடும்மா."

கொடுத்தேன். அண்டா அவர் தலைக்கு ஏறியது. அப்படிக் கேட்டதையே, போகலாம் என்று சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

3

மேலே உள்ளதை எழுதி நான்கு மாதம் ஆகிறது. விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள்.

தடித்த உறை வந்தது. அப்பாவைச் சென்னையில் நேரில் அழைத்துக் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் ஆங்கிலத்தில் தட்டச்சாகி உள்ளே இருந்தன. கலா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

"உங்களை யாரு பாத்துக்கறாங்கன்னு கேள்வி. என் சன் என்னைக் கிங் மாதிரி வெச்சிருக்கான்னு பதில். ஏம்மா கிங்?"

அந்த ஆங்கிலத்துக்குள் அப்பாவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ராஜா மாதிரி வெச்சிக்கினு கீறான் சாமி.

"இப்பவும் வேலை செய்றீங்களான்னு கேள்வி. ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிற பாத்திரத்தை இப்பவும் தனியா சுமப்பேன், வேணும்னா தூக்கிக் காட்டறேன்னு தாத்தா சொல்லியிருக்காரு." கலாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, ஹி ஆஃபர்ட் டு ஷோ தெம்!"

நானும் சிரித்தேன். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

விதி என்னவென்றால், இங்கே வர விரும்பும் பெற்றோருக்கு ஊரில் கவனிக்க வேறு யாரும் இருக்கக் கூடாது. இங்கே இருக்கும் பிள்ளையை நம்பித்தான் அவர்கள் வாழ வேண்டும். அதை நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அப்பாவோ, வெளி ஆள் ஒருவர், அதுவும் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர், உன் மகன் உனக்குச் சோறு போடுகிறானா என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? எங்கள் தெருவில் பட்டினி கிடக்கிறவர்கூட அந்தக் கேள்விக்கு ஏப்பம் விட்டுக் காட்டுவார்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. உறையின் கடைசித் தாளில், விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்ததையும் எடுத்துக் காட்டியிருந்தார்கள். வேறு நெருங்கிய உறவினர் உண்டா என்ற இடத்தில், "அண்ணன் இருக்கிறார், அப்பாவை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்" என்று நானே கலாவை எழுதச் சொல்லியிருக்கிறேன். மனதில் அண்ணனை அத்தனை திட்டியவள் காகிதத்தில் அப்படித்தான் எழுதினேன். குடும்பத்தைப் பற்றி வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. தந்தையும் மகளும் ஒரே பதிலைச் சொல்வதால் ஐயத்துக்கு இடமில்லை என்று முடித்திருந்தார்கள்.

"விட்டுடு சரோஜா" என்றார் என் வீட்டுக்காரர். "உங்கப்பாவே வர வேணாம்னு சொல்றா மாதிரி கீது."

மேல்முறையீடு செய்தால் இன்னொரு முறை அழைத்துக் கேட்பார்கள் என்று தெரிந்தது. விண்ணப்பித்தோம். அன்று மாலையே அப்பாவுக்கு ஏர் லெட்டர் எழுதினேன். "அடுத்த முறை கேட்டால், அண்ணன் என்னைக் கவனிப்பதில்லை என்று சொல்லுங்கள் அப்பா. அது உண்மைதானே. கடையில்தானே படுத்திருக்கிறீர்கள். மானத்தைப் பார்த்தால் நான் உங்களைப் பார்க்க முடியாது."

எழுதி ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஏர் லெட்டரில் இடம் கொஞ்சம். அதில் ஒரு வரி குறைத்திருக்கலாம்.

4

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களைக் கடை முதலாளிதான் படித்துக் காட்டுவார். அந்த வாரம் அவர் உடம்பு சரியில்லாமல் கடைக்கு வரவில்லை. வேறு யாராவது படிக்க நேரும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒன்றரை மாதம் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னலில் நிற்பதே வேலையாக இருந்தது. கடைசியில் முதலாளியின் கையெழுத்தில் ஒரு நீளக் கடிதம் வந்தது.

"உன் கடிதத்தை உன் அண்ணன் படித்துக் காட்டும்படி ஆகிவிட்டது" என்று அது ஆரம்பித்தது. நின்று படித்தவள் உட்கார்ந்தேன்.

அண்ணன் தினமும் சாயங்காலம் கிண்டியில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய், அண்ணி கட்டிக் கொடுக்கும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவானாம். அப்பா சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பானாம். விழுந்த பிறகு இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும் அவன்தானாம். இது நாள்தோறும் நடப்பதால் யாருக்கும் எனக்கு எழுதத் தோன்றவில்லை. அப்படி வந்த ஒரு சாயங்காலம், "தங்கச்சி லெட்டர் போட்டுக்கீது, படிடா" என்று அப்பா கொடுத்திருக்கிறார். அவன் உரக்கப் படித்தானாம். ஒரு வார்த்தை விடவில்லையாம். "அது உண்மைதானே" என்பதையும் படித்தானாம். மடித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, "சோறு ஆறுது, சாப்டு" என்றானாம்.

"அந்தப் பொய்ய நான் சொல்ல மாட்டேன்" என்று அப்பா சொன்னாராம்.

இரண்டாம் முறை கூப்பிட்டபோது அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவன் அவன்தான். உள்ளே நடந்ததை அப்பா சொல்ல முதலாளி எழுதியிருந்தார். அப்படியே தருகிறேன்.

உங்களை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "எம்புள்ளதான்..." என்று அப்பா ஆரம்பித்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

"இல்லீங்க. நான் பாத்துக்கறதில்ல. கடையில கெடக்கறாரு. நான் போயிப் பாக்கறதுகூடக் கெடையாது."

"டேய், ஒக்காருடா."

"நீ சும்மா இருப்பா. சார், இவரால தூக்க முடியாதுங்க. விழுந்து இடுப்பு போயிட்சி. தங்கச்சிதான் இவருக்கு எல்லாம்."

மொழிபெயர்ப்பாளரே, "யோசிச்சுச் சொல்லுப்பா, எழுதிக்குவாங்க" என்றாராம்.

"எழுதிக்கட்டும் சார். கையெழுத்தும் போடறேன்."

போட்டான். அவன் நாற்காலிக்கு அடியில், மதியத்துக்காக அப்பாவுக்குக் கட்டிக்கொண்டு வந்த தூக்கு இருந்ததாம். காலால் அதைப் பின்னுக்குத் தள்ளி மறைத்துக்கொண்டே பேசினானாம்.

வெளியே வந்ததும், "உன் வாயில அது எப்டிடா வந்துச்சி?" என்று அப்பா கேட்டார்.

"தங்கச்சி எழுத்துல வந்துச்சே" என்றான் அண்ணன்.

அன்றோடு அப்பா அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவன் இப்போதும் தூக்கைக் கொண்டு வருகிறான், அவர் சாப்பிடுகிறார், பேச்சு மட்டும் இல்லை என்று முதலாளி எழுதியிருந்தார்.

நான் அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அண்ணா" என்பதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை. மூன்று ஏர் லெட்டர் வீணானது. அப்பா வருவாரா என்று இருந்த பயம் போய், இப்படி வந்தால் அந்த வீட்டில் என் முகத்தில் யார் விழிப்பார்கள் என்று புதுப் பயம் பிடித்துக்கொண்டது. சலவைக் கூடத்தில் கிழிந்த விரிப்புகளை நல்லவற்றோடு அடுக்கிவிட்டு டோரத்தியிடம் பேச்சு வாங்கினேன்.

5

அனுமதி கிடைத்தது. போன மாதம் அப்பா வந்து சேர்ந்தார்.

விமான நிலையத்தில் எல்லோரும் தள்ளுவண்டியில் பெட்டிகளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அப்பா தகரப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்து வந்தார். வேட்டிக்கு மேல் யாரோ கொடுத்த பெரிய கோட்டு. இடது காலை லேசாக இழுத்தார். கழுத்து மட்டும் எட்டு வருடத்துக்கு முன்பு பார்த்தபடியே நேராக நின்றது. ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவர் புகைப்படம் எடுத்தார்.

"ஓ காட், அம்மா" என்று கலா கோட்டுக் காலரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நான் ஓடினேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பில் அர்த்தமில்லை.

"எறக்கும்மா" என்றார். அதுதான் அவர் முதல் பேச்சு. நான் ஒரு பக்கமும் என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் பிடித்து இறக்கினோம்.

"உள்ள உங்களுக்கு யாருப்பா ஏத்திவிட்டது?"

"ஒரு வெள்ளக்காரன். கையக் காமிச்சேன். பாவம், புரிஞ்சிக்கினான்."

வீட்டில் எல்லாம் பேசினார். மயிலாப்பூரில் யார் வீட்டுக் கல்யாணம், தேர் எந்த முனையில் நின்றது, கடையில் எந்த அண்டாவுக்கு ஓட்டை. அண்ணனைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. நான் அவன் பேச்சை எடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவன் பொய் சொல்லிவிட்டானே என்று கோபமா, அவனைப் பொய் சொல்ல வைத்துவிட்டு வந்துவிட்டோமே என்று வருத்தமா, எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியமில்லை. அவர் சாப்பிடும்போது எதிரில் உட்காருவேன். சாயங்காலம் சாயங்காலம் அவன் இப்படித்தானே உட்கார்ந்திருப்பான் என்று தோன்றும். எழுந்து போய்விடுவேன்.

6

நேற்று அண்ணனின் கடிதம் வந்தது. எட்டு வருடத்தில் அவன் கையால் எழுதியது இதுதான் முதல். ஏர் லெட்டரில் பாதிப் பக்கம்கூட இல்லை. பிரிக்கப் பயந்து, மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வந்துதான் படித்தேன்.

"தங்கச்சிக்கு, ஏழுமலை எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் காலையில் வெந்நீர் கொடு. இடுப்புக்கு எண்ணெய் தேய்த்தால் இடது பக்கம் அழுத்தாதே.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் அவரோடு போனேன். டாக்சியில் பேசவில்லை. வாசலில் தள்ளுவண்டி இருந்தது. பெட்டியை அதில் வைத்துத் தள்ளலாம் என்றேன். பதில் சொல்லவில்லை. இதற்கு மேல் நீ வரக் கூடாது என்று காவல்காரர் என்னை நிறுத்திவிட்டார். நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துச் சுருட்டினார். தலையில் வைத்தார். பக்கத்தில் தள்ளுவண்டி நிற்கிறது. போர்ட்டர் இரண்டு பேர் நிற்கிறார்கள். என்னைப் பார்த்து, 'டேய் ஏழுமல, ஒரு கை குடுடா' என்றார்.

ஏற்றிவிட்டேன். போய்விட்டார். வேறு விசேஷம் இல்லை."

கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டவில்லை. அவர் கூடத்தில் கலாவுக்குத் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் தலையில் அது நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. நான் சமையலறையில் நின்றபடியே ஓர் ஏர் லெட்டரைப் பிரித்து எழுதினேன். இந்த முறை "அண்ணா" என்பதற்கு அடுத்த வார்த்தை வந்தது.

"அண்ணா, நீ ஏற்றிவிட்ட பெட்டியை நான் இறக்கிவிட்டேன்."

அதற்குக் கீழே எழுத நிறைய இடம் இருந்தது. அப்படியே ஒட்டிவிட்டேன்.